‘ஒருமுறை பார்க்கலாம்’ என்னும் பொய்

வெள்ளிக்கிழமை மாலையானால் கைபேசிக்குள் பட்டியல்கள் வந்து விழுகின்றன. வீட்டிலிருந்தே பார்க்க ஐந்து படங்கள், குடும்பத்தோடு பார்க்க ஏழு படங்கள், தவறவிடக்கூடாத பத்துப் படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று வரி ஒதுக்கப்பட்டிருக்கும். முதல் வரியில் பாதிக் கதை, இரண்டாவதில் நடித்தவர் பெயர், மூன்றாவதில் தீர்ப்பு. தீர்ப்புகளும் மொத்தம் நான்குதான்: ‘மெதுவாகச் செல்கிறது’, ‘நாடகத்தனமாக இருக்கிறது’, ‘பொறுமை உள்ளவர்களுக்கு’, ‘ஒருமுறை பார்க்கலாம்’. துப்பறியும் படத்துக்கும் பேய்ப் படத்துக்கும் இந்த நான்கு தீர்ப்புகளால் பெரிய சேதம் ஒன்றும் நேர்வதில்லை. அவை எப்படியும் தம் ஆட்களைத் தேடிக்கொள்ளும். அடிபடுவது மனித உறவுகளை மட்டுமே நம்பி எடுக்கப்பட்ட படங்கள். இணையத் திரைகள் ‘டிராமா’ என்ற பெயரில் ஒரு மூலையில் அடுக்கி வைத்திருக்கும் படங்கள்.

இதைப் பற்றிச் சிற்றிதழ் நண்பர் ஒருவரிடம் குறைபட்டுக்கொண்டபோது, “குறுவிமர்சனம் என்ற வடிவமே இலக்கியத்துக்கு விரோதமானது, அதில் நியாயம் எதிர்பார்ப்பது உங்கள் தவறு” என்றார். எனக்கு அந்த மூன்று வரிக்காரர்களிடம் இருப்பதைவிட இந்த நண்பரிடம்தான் சண்டை அதிகம். ஆகவே இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் இது ஏன் முக்கியம் என்று சொல்லிவிட வேண்டும். நான் இருப்பது பனமரத்துப்பட்டியில். ஒரு காலத்தில் சேலம் நகரத்துக்கே குடிநீர் கொடுத்த ஏரியும், அதிகாலையில் அரளி மொட்டு பறிக்கும் கைகளும் உள்ள ஊர். நல்ல படம் பார்க்க வேண்டுமென்றால் சேலத்துக்குப் பேருந்து ஏற வேண்டும். ஏறிப் போனாலும் நான் சொல்லும் வகைப் படங்கள் அங்கே சில நாட்களுக்கு மேல் தங்குவதில்லை. சில படங்கள் வருவதே இல்லை. பெருமாள்முருகனின் ‘வறுகறி’ சிறுகதையை வைத்துத் தமிழ் இயக்கிய ‘சேத்துமான்’ 2022 மே மாதம் நேரடியாக இணையத் திரையில்தான் வெளியானது. எங்கள் ஊரிலிருந்து மல்லூர் வழியாகப் போனால் ராசிபுரம், அதைத் தாண்டினால் நாமக்கல். எங்கள் அக்கம்பக்கத்து மண்ணையும் பேச்சையும் கொண்டு எடுக்கப்பட்ட ஒரு படம் எங்கள் ஊர்த் திரைக்கு வராமல் எங்கள் கைபேசிக்கு வருகிறது. இதுபோன்ற படத்துக்கு வீடுதான் திரையரங்கு. அந்த மூன்று வரிதான் வாசல். வாசலில் நிற்பவன் ‘மெதுவாகச் செல்கிறது’ என்று சொன்னால் உள்ளே போக யாரும் இல்லை. படம் அன்றோடு முடிந்தது.

வீட்டில் படம் பார்ப்பது நமக்கு நேற்று வந்த பழக்கமும் இல்லை. ஞாயிறு மதியம் தூர்தர்ஷன் விருது பெற்ற மாநில மொழிப் படங்களைக் காட்டியது. விசேஷ வீடுகளில் டெக் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் போட்டார்கள். 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஓட்டு வீட்டுக்குள்ளும் திரையைக் கொண்டுவந்தது. இப்போது கைபேசி. இத்தனை ஆண்டுகளில் பார்க்கும் கருவி நான்கு முறை மாறிவிட்டது. அதைப் பற்றிய எழுத்து மட்டும் திரையரங்கு வாசலில் டிக்கெட் வாங்கலாமா வேண்டாமா என்று கேட்பவனுக்குப் பதில் சொல்லும் நிலையிலேயே நின்றுவிட்டது. ஆனந்த விகடன் ‘16 வயதினிலே’ படத்துக்கு 62.5 மதிப்பெண் கொடுத்ததை இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். ஏன் கொடுத்தார்கள், அந்த விமர்சனத்தில் என்ன எழுதியிருந்தார்கள் என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேருக்குத் தெரியாது. எண் நிற்கிறது, எழுத்து போய்விட்டது.

*

இனி ‘நாடகத்தனம்’ என்ற வசவு.

தமிழில் இந்தச் சொல் மூன்று காரியங்களுக்கு ஒரே நேரத்தில் பயன்படுகிறது. மேடையின் தன்மை ஒன்று. பொய் இரண்டாவது, ‘டிராமா போடாதே’ என்று வீட்டில் திட்டுகிறோமே, அது. மனிதர்கள் ஒருவரோடொருவர் முட்டிக்கொள்ளும்போது பிறக்கும் இறுக்கம் மூன்றாவது. இணையத் திரை ‘டிராமா’ என்று அடுக்குவது மூன்றாவதை. மூன்று வரிக்காரர் முதலாவதைச் சொல்லி இரண்டாவதைக் குறிப்பால் உணர்த்துகிறார். கதாபாத்திரங்கள் நின்று பேசினால் அது பொய் என்று அவருக்கு யாரோ கற்பித்திருக்கிறார்கள்.

சேலத்துக்காரனிடம் இதைச் சொல்லக்கூடாது. 1935-இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு சாலையில் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வெளிவந்தன. மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938) அந்த நிறுவனத்தின் தயாரிப்பு. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) அங்கே பிறந்தது. இன்று அங்கே எஞ்சியிருப்பது முகப்பு வளைவு மட்டும். அந்தப் படங்களின் நடிகர்களில் பலர் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள்; வசனங்களில் மேடையின் மூச்சு இருந்தது. அதை மறைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை. தமிழ்ப் பேசும்படம் கம்பெனி நாடகத்தின் வயிற்றில் பிறந்தது என்பதைத் தியடோர் பாஸ்கரன் போன்ற ஆய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். தாயின் ஜாடை குழந்தையிடம் தெரிகிறது என்று சொல்வது விமர்சனம் ஆகாது. அந்த ஜாடையை வைத்துக்கொண்டு குழந்தை என்ன செய்தது என்று பார்ப்பதுதான் விமர்சனம்.

*

அடுத்து என் சிற்றிதழ் நண்பருக்கு. சுருக்கம் குற்றம் என்று எந்தத் தமிழன் சொல்லத் துணிவான்? ஏழு சீரில் அறம் சொன்ன மொழி இது. க.நா.சு. பட்டியல் போட்டார். அந்தப் பட்டியல்களோடு சண்டை போட்டவர்கள் பலர். ஆனால் அந்தப் பட்டியலுக்குப் பின்னால் ஒரு மனிதரின் ஆயுட்கால வாசிப்பு நின்றது. தவறாகப் போனால் தன் பெயர் கெடும் என்று தெரிந்தே அவர் எழுதினார். இன்றைய ஐந்து படப் பட்டியலுக்குப் பின்னால் நிற்பது யார்? படத்தை முழுதாகப் பார்த்தவரா என்பதற்குக்கூட உத்தரவாதம் இல்லை.

குறுவிமர்சனத்தின் கனத்தை உணர ஓர் உதாரணம் போதும். தமிழின் முதல் பேசும்படம் என்று நாம் கொண்டாடும் ‘காளிதாஸ்’ 1931 அக்டோபரில் வெளியானது. அதன் பிரதி இன்று இல்லை. அந்தப் படம் எப்படி இருந்தது என்று அறிய நாம் நாடுவது அன்றைய சுதேசமித்திரனில் வந்த சிறு குறிப்பு போன்ற சிலவற்றைத்தான். எழுதியவர் அவசரமாக எழுதியிருக்கலாம். தொண்ணூறு ஆண்டுகள் கழித்துத் தன் வரிகள்தாம் படத்தின் மிச்சமாக இருக்கப்போகின்றன என்று அவர் நினைத்திருக்க மாட்டார். 2023-இல் மறைந்த ராண்டார் கை, ஆங்கில நாளிதழ் ஒன்றில் பழைய தமிழ்ப் படங்களைப் பற்றி ஆண்டுக்கணக்கில் சிறு குறிப்புகள் எழுதினார். ஒவ்வொன்றின் முடிவிலும் இந்தப் படம் எதற்காக நினைவில் நிற்கிறது என்று ஓரிரு வரி இருக்கும். அவருடைய தகவல்களோடு சிலர் முரண்படலாம். ஆனால் அந்த ஓரிரு வரியை எழுத ஒருவர் படத்தைப் பார்த்திருக்க வேண்டும், நினைவில் வைத்திருக்க வேண்டும். ‘ஒருமுறை பார்க்கலாம்’ என்று எழுத இரண்டும் தேவையில்லை. அந்தத் தொடர் படத்தைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. எழுதியவர் எந்தப் பக்கமும் மாட்டிக்கொள்ளாமல் தப்பித்ததை மட்டுமே சொல்கிறது. அதனால்தான் அதைப் பொய் என்கிறேன்.

பாலு மகேந்திரா தன் ‘வீடு’ படத்தின் நெகடிவ் இல்லாமல் போனதைப் பற்றி வருந்திப் பேசியிருக்கிறார். 1988-இல் வெளிவந்த படத்தின் கதி இது. காளிதாஸுக்கு நேர்ந்தது பழைய காலத்து விபத்து என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம்.

நம் சிற்றிதழ்களும் இதில் குற்றமற்றவை இல்லை. இருபது பக்கக் கட்டுரையில் பதினெட்டுப் பக்கம் ஐரோப்பிய இயக்குநர்களின் பெயர்கள் வரும். கடைசி இரண்டு பக்கத்தில் தமிழ்ப் படம் ஒன்று தலைகுனிந்து நிற்கும். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு இன்று இரவு நம் வீட்டில் எதைப் பார்ப்பது என்று யாராலும் முடிவு செய்ய முடியாது. அந்தக் கேள்வியை மட்டமானதாக எண்ணி நாம் விலகிக்கொண்டதால்தான் மூன்று வரிக்காரர்கள் அங்கே கடை விரித்தார்கள். இடத்தைக் காலி செய்தவர்கள் நாம்.

*

குறை சொல்வதோடு நிறுத்தினால் நானும் அவர்களில் ஒருவனாகிவிடுவேன். வீட்டில் பார்ப்பவருக்காகக் குறுவிமர்சனம் எப்படி இருக்கலாம் என்று எழுதிக் காட்டுவதே நேர்மை. எனக்கு நானே விதித்துக்கொண்ட நிபந்தனைகள் மூன்று. மதிப்பெண் கிடையாது. படத்தின் பலத்தோடு அதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். யாரோடு, எந்த நிலையில் பார்க்கலாம் என்று சொல்ல வேண்டும்.

‘மந்திரி குமாரி’ (1950). மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு; எல்லிஸ் ஆர். டங்கனும் டி.ஆர்.சுந்தரமும் இயக்கியது, வசனம் மு. கருணாநிதி. குண்டலகேசிக் கதையின் கரு. எம்.ஜி.ஆர். இருந்தும் படத்தைத் தூக்கிச் செல்பவர்கள் வில்லனாக வரும் எஸ்.ஏ. நடராஜனும் மாதுரி தேவியும். மலையுச்சியில் கணவன் தன்னைக் கொல்லப்போகிறான் என்று அறிந்த மனைவி அவனை முந்திக்கொள்ளும் காட்சி இன்றும் முதுகைச் சில்லிட வைக்கிறது. நடுவில் வரும் நகைச்சுவைப் பகுதிகள் இன்று இழுவையாகத் தெரியலாம். ‘நாடகத்தனம்’ என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய படம் இது. வீட்டுப் பெரியவர்களோடு உட்காருங்கள். வசனங்கள் உங்களைவிட அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ (1977). ஜெயகாந்தனுக்கு 1972-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத் தந்த நாவல், திரைக்கதையும் அவரே, இயக்கம் ஏ. பீம்சிங். கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. படத்தில் ஓயாமல் பேசுகிறார்கள். ஆனால் லட்சுமி பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும் நேரங்களில்தான் படம் நடக்கிறது. அவருடைய முகத்தைப் பார்த்தால் எதிரிலிருப்பவரின் வசனத்துக்கு என்ன விலை என்று தெரிந்துவிடும். ஒளிப்பதிவிலும் காட்சி அமைப்பிலும் பெரிய நாட்டம் இல்லாத படம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாவலைப் படித்தவர்கள் தனியாகப் பார்க்கவும். படிக்காதவர்கள் பார்த்துவிட்டு நாவலுக்குப் போகலாம்.

‘அவள் அப்படித்தான்’ (1978). இயக்கிய ருத்ரய்யா சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். எழுத்தில் வண்ணநிலவனுக்கும் பங்குண்டு. ரஜினிகாந்த், கமல்ஹாசன் இருவரும் இருந்தும் படம் ஸ்ரீப்ரியாவின் மஞ்சுவைச் சுற்றியே நிற்கிறது. பெண்ணைப் புரிந்துகொள்ள ஆவணப்படம் எடுக்கக் கிளம்பும் முற்போக்கு ஆண், எதிரில் நிற்கும் பெண்ணைப் புரிந்துகொள்ளத் திணறுகிறான். இலக்கிய வாசகர்களான ஆண்கள் நெளியாமல் பார்க்க முடியாது. நெளிய வேண்டும் என்பதே என் சிபாரிசு. சில உரையாடல்கள் கட்டுரை வாசிப்பதுபோல ஒலிக்கின்றன, அது குறைதான். ருத்ரய்யா இதற்குப் பிறகு ‘கிராமத்து அத்தியாயம்’ (1980) மட்டுமே எடுத்தார். 2014-இல் மறைந்தார். அந்த நீண்ட மௌனத்துக்கு நம் பங்கு என்ன என்று பார்ப்பவர் யோசிக்கலாம்.

‘உதிரிப்பூக்கள்’ (1979). புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்பட்டாலும் மகேந்திரன் தன் வழியில் வெகுதூரம் போய்விட்டார். கதையைத் தேடி இரண்டையும் ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். விஜயன் செய்யும் கொடுமைகள் அனைத்தும் தணிந்த குரலில் நடக்கின்றன. கடைசியில் ஊரே சேர்ந்து அவனைத் தண்டிக்கும்போது, உங்களையும் என்னைப்போல ஆக்கிவிட்டேன் என்ற பொருளில் அவன் பேசுவது தமிழ்த் திரையில் மிகக் கசப்பான ஒப்புதல்களில் ஒன்று. அசோக்குமாரின் ஒளிப்பதிவு பெரிய திரைக்கானது. கைபேசியில் பார்ப்பதென்றால் விளக்கை அணைத்துவிடுங்கள். அழும் குழந்தைகளைத் தாங்க முடியாதவர்கள் பகலில் பார்க்கவும்.

‘வீடு’ (1988). வேலைக்குப் போகும் ஒரு பெண், தங்கை, பாட்டு வாத்தியாரான தாத்தா. சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். சொந்தமாகக் கட்ட முனைகிறார்கள். பாடல்கள் இல்லை. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. சொக்கலிங்க பாகவதரின் நடிப்புக்கு எந்த விருதும் போதாது. கட்டி முடியாத வீட்டை அவர் குடையோடு வந்து தொட்டுப் பார்ப்பதைவிடப் பெரிய உச்சக்காட்சியை நான் பார்த்ததில்லை. இன்று கிடைக்கும் பிரதிகளின் தரத்தைப் பெரிதுபடுத்தாதீர்கள். கடன் வாங்கி வீடு கட்டிய யாரோடும் பார்க்கலாம்.

‘சேத்துமான்’ (2022). சேற்றில் திரியும் மான் என்று செல்லமாகச் சொல்லப்படுவது பன்றி. பேரனைப் படிக்க வைக்கப் பாடுபடும் பூச்சி, பன்றிக்கறிக்கு ஆசைப்படும் பண்ணாடி வெள்ளையன், ஊருக்குத் தெரியாமல் நடக்க வேண்டிய ஒரு விருந்து. யார் எதைத் தின்னலாம், யார் பார்க்கத் தின்னலாம் என்ற கேள்வியில் சாதி முழுவதும் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது. பண்ணாடி முற்றிலும் கொடியவன் இல்லை, பூச்சியிடம் அன்பாகவே பேசுகிறான் என்பதுதான் படத்தின் கூர்மை. அந்த அன்புக்கு எல்லை எங்கே என்று படம் காட்டுகிறது. முதல் பாதியில் சில காட்சிகள் பழகாத நடிகர்களால் தடுமாறுகின்றன. கொங்குப் பேச்சு புரியாதவர்கள் பத்து நிமிடம் பொறுத்தால் காது பழகிவிடும். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் குடும்பத்தோடு பார்க்க முடியாத படம். ஆகவே பார்க்க வேண்டிய படம்.

‘கூழாங்கல்’ (2021). பி.எஸ். வினோத்ராஜின் முதல் படம். ராட்டர்டாம் விழாவில் புலி விருது பெற்றது. 2023-இல் வீட்டுக்கு வந்தது. தகப்பனும் மகனும் வெயிலில் நடக்கிறார்கள். ஒன்றேகால் மணி நேரம்தான் படம். இதையும் ‘மெதுவாகச் செல்கிறது’ என்றார்கள். தண்ணீருக்காகக் காத்திருக்கும் கடைசிக் காட்சியின் நீளத்தை, வற்றிய ஏரிக்கரையில் வாழ்ந்தவர்களிடம் யாரும் மெதுவானது என்று சொல்ல முடியாது. நடிப்பின் நுட்பத்தைத் தேடுபவர்களுக்கு ஏமாற்றம் இருக்கலாம். குளிரூட்டிய அறையில் பார்க்காதீர்கள்.

*

இவற்றில் ஒவ்வொன்றோடும் யாரும் சண்டை போடலாம். சண்டை போடத் தோதாக எழுதியிருக்கிறேன். என் தேர்வில் சாய்வு இருக்கிறது, என் மண்ணின் பக்கம் சாய்ந்திருக்கிறேன், அதை மறைக்கவில்லை. ‘ஒருமுறை பார்க்கலாம்’ என்பவரோடு சண்டையே போட முடியாது. விவாதத்துக்கு இடம் தராத எழுத்து விமர்சனமாகாது, அது எத்தனை வரியாக இருந்தாலும்.

“வாசகருக்கு நேரமில்லை, அவருக்கு வேண்டியது இவ்வளவுதான்” என்று ஒரு பதில் தயாராக இருக்கும். அதற்கு என் அம்மாவைச் சாட்சிக்கு அழைக்கிறேன். விடியும் முன்பே அரளி பறிக்கப் போய் வெயில் ஏறியதும் திரும்புகிறவர். இருட்டியதும் கண் சொக்கும். அவரைவிட நேரமில்லாத பார்வையாளரை எனக்குத் தெரியாது. ஒரு நாள் இரவு நான் ‘வீடு’ பார்த்துக்கொண்டிருந்தபோது படுத்தபடியே திரையைக் கவனித்திருக்கிறார். கட்டட வேலையில் சிமெண்டு களவு போகும் விஷயம் வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“ஏங் கண்ணு, சிமெண்டு மூட்டய எண்ணி வெக்கிறதுக்குக்கூட ஒரு ஆளு இல்லியா அந்தப் புள்ளைக்கு?” என்றார்.

முடியும்வரை படுக்கவில்லை. இதே ஊரில் கடன் வாங்கி இரண்டு அறை கட்டியபோது, தினமும் மாலையில் மூட்டையை எண்ணிச் சாக்குப் போட்டு மூடி வைத்தவர் அவர். மெதுவாகச் செல்கிறது என்று அவர் சொல்லவில்லை. நாடகம் என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை கிளம்பும்போது, அந்த வீட்டு வழக்கு என்ன ஆயிற்று, இடம் திரும்பக் கிடைத்ததா என்று கேட்டார். படத்தில் அதற்குப் பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்டார்.